வீரனுக்குக் காது கேட்கிறதா?

கேள்வி: பெரியப்பா காலமான பிறகு அவர் வளர்த்த ராஜபாளையம் நாய் வீரன் எங்களிடம் வந்து நான்கு மாதம் ஆகிறது. வயது ஐந்து. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தூங்கும்போது தொட்டால் கடிக்க வருகிறான். சாப்பாட்டுத் தட்டை நெருங்கினால் உறுமுகிறான். பகல் முழுக்கச் சங்கிலியில்தான் கட்டி வைத்திருக்கிறோம். 'அடியாத மாடு படியாது, எஜமான் யாரென்று காட்டு' என்கிறார் மைத்துனர். இரண்டு மூன்று முறை அடித்தும் பார்த்தேன். உறுமல்தான் கூடியிருக்கிறது. இந்த வயதுக்கு மேல் ஒரு நாயைப் பழக்க முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாகப் பழக்கலாம். ஆனால் அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் சந்தேகம் வேறு. வீரனுக்குக் காது கேட்கிறதா?

ராஜபாளையம் நாய்களிடம் பிறவியிலேயே காது கேளாமை அடிக்கடி காணப்படுகிறது. அந்த இனத்தின் வெள்ளை நிறத்துக்கும் இந்தக் குறைக்கும் தொடர்பு உண்டு. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் போனால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். டால்மேஷன் நாய்களுக்கும் இதே குறை உண்டு. சில நாய்களுக்கு ஒரு காது மட்டும் கேட்கும். அவற்றுக்குச் சத்தம் காதில் விழும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது பிடிபடாது.

நீங்கள் எழுதியிருப்பதை வீரன் இடத்தில் இருந்து பாருங்கள். நீங்கள் கூப்பிட்டது அவனுக்கு எட்டவே இல்லை. அயர்ந்து தூங்கும்போது திடீரென்று ஒரு கை மேலே விழுகிறது. பதறி எழுந்து பல்லைக் காட்டுகிறான். உடனே அடி. எதற்காக அடி என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

சோதிப்பது எளிது. அவன் வேறு பக்கம் பார்த்துப் படுத்திருக்கும்போது, பின்னால் பத்தடி தள்ளி நில்லுங்கள். காலைத் தட்டக் கூடாது, அதிர்வு தரை வழியாகப் போய்விடும். காற்றும் உங்களிடமிருந்து அவன் பக்கம் வீசக் கூடாது, மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். பொறைப் பொட்டலத்தை ஒரு முறை கசக்குங்கள். காது மடல் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரே நாளில் முடிவு கட்டாமல் மூன்று நான்கு நாள் செய்து பார்த்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். காதில் சீழ், பல்வலி, மூட்டுவலி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலியோடு இருக்கும் நாயும் தொட்டால் சீறும்.

அடுத்தது உறுமல். உறுமுவது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. 'தள்ளிப் போ, பயமாயிருக்கிறது' என்று அது வாய்விட்டுச் சொல்கிறது. அதற்காக அடித்தால் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அப்புறம் ஒரு நாள் சத்தமே இல்லாமல் நேராகக் கடிக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், அவன் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தட்டைப் பிடுங்கி அதிகாரத்தைக் காட்ட வேண்டாம். அவன் உறுமாத தூரத்தில், அவன் கண்ணில் படும்படி நடந்து போங்கள். போகிற போக்கில், உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கமாகப் போட்டுவிட்டு, நிற்காமல் போய்விடுங்கள். சில நாளில் நீங்கள் வருவதைப் பார்த்ததும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி உங்கள் கையைப் பார்ப்பான். அதற்குப் பிறகு அரை அடி நெருங்கலாம். மறுபடி உறுமினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள், பழைய தூரத்துக்கே போங்கள்.

மைத்துனர் சொல்லும் 'எஜமான்' கணக்கு, அடைத்து வைத்த ஓநாய்களிடமிருந்து வந்தது. ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர் அப்படிப்பட்ட ஓநாய்களைக் கவனித்து, கூட்டத்தில் மற்றவற்றை அடக்குவதுதான் தலைமை என்ற கருத்தை 1947-இல் எழுதினார். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் வெளியிட்ட நூல் அந்தக் கருத்தை எங்கும் பரப்பியது. அதே மெக், காட்டு ஓநாய்களுடன் பல கோடைகளைக் கழித்த பிறகு 1999-இல் அதைத் திருத்தி எழுதினார். ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான் என்றார். பரப்பியவரே கைவிட்ட கணக்கை வைத்துக்கொண்டு வீரனை ஏன் அடிக்க வேண்டும்?

காது கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. நாய்கள் நம் கையையும் முகத்தையும் ஓயாமல் கவனிப்பவை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, உடனே பட்டாணி அளவு கோழித்துண்டு கொடுங்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை, நாலைந்து நாள். கட்டைவிரல் என்றால் 'சபாஷ்' என்று புரிந்துகொள்வான். பிறகு அவன் தானாக உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல், ஒரு துண்டு. வா, உட்கார் என்பதற்கெல்லாம் ஆளுக்கொரு சைகை வேண்டாம், வீட்டில் எல்லோரும் ஒரே சைகையைக் காட்டுங்கள். எழுப்ப வேண்டுமானால் தொடாதீர்கள். தள்ளி நின்று தரையைத் தட்டுங்கள், அல்லது மூக்கருகே ஒரு துண்டை வைத்துவிட்டு விலகுங்கள். சுவர் இல்லாத இடத்தில் வாரைக் கழற்ற வேண்டாம். பின்னால் வரும் லாரி அவனுக்குக் கேட்காது.

எங்கள் வீட்டுக்கு ஆறு வயதில் ஒரு பெண் நாய் வந்தது. பெருக்குவதற்கு விளக்குமாற்றை எடுத்தாலே கட்டிலுக்கடியில் ஒடுங்கி, அங்கேயே சிறுநீர் கழித்துவிடும். முதல் இரண்டு வாரம் நாங்கள் எதையும் கற்றுத்தரவில்லை. இரவில் நான் தரையில் அமர்ந்து, அதற்கு முதுகைக் காட்டியபடி அச்சுப்படி திருத்துவேன். கையெட்டும் தூரத்தில் ஒரு கோழித்துண்டு இருக்கும். பதினோராம் நாள், என் இடது மணிக்கட்டில் ஈரமான மூக்கு ஒன்று பட்டது. நான் திரும்பவில்லை. உள்ளங்கையை மட்டும் மெல்ல விரித்தேன். அடுத்த மாதம் விளக்குமாறு பக்கத்தில் இருக்கும்போதே சாப்பிட்டது.

கடைசியாகச் சங்கிலி. ராஜபாளையம் வேட்டைக்கு ஓடிய இனம். கட்டியே வைத்திருக்கும் நாயை முறையாக நடத்தி, ஓடவிடாமல் இருப்பதை 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு குற்றம் என்கிறது. சட்டம் கிடக்கட்டும், பகலெல்லாம் இரண்டு கஜத்துக்குள் சுற்றி வந்த நாயிடம் மாலையில் அடக்கத்தை எதிர்பார்ப்பது என்ன நியாயம்? காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் வெளியே கூட்டிப் போங்கள். வழியில் முகர்ந்து பார்க்க நின்றால் இழுக்காதீர்கள். பெரியப்பாவைத் தேடுகிறவனாகவும் இருக்கலாம் அவன்.

பொறைப் பொட்டலம் கசக்கியபோது காது மடல் அசைந்ததா என்று அவசியம் எழுதுங்கள்.