மல்டிகிளாஸ்: எப்போது எடுக்கலாம், எப்போது பொறுக்கலாம்?

இந்த முறை மலையிலிருந்து வந்த கேள்விகள் எல்லாமே மல்டிகிளாஸ் பற்றித்தான், அதாவது ஒரே பாத்திரத்தின் லெவல்களை இரண்டு கிளாஸ்களுக்கு (வீரன், மந்திரவாதி போன்ற தொழில்களுக்கு) பிரித்துக் கொடுப்பது. மழை பிடித்துக்கொண்டதும் பலரும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜைக் கதை விளையாட்டை ஆட உட்கார்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. எழுதியவர்கள் அனைவரும் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பை ஆடுகிறவர்கள். அதனால் பதில்களும் அந்த விதிகளின்படியே.

குன்னூர், கல்லூரி மாணவர்: அக்கா, என் ரேஞ்சர் 4-ஆம் லெவலில் இருக்கிறான். வில்தான் ஆயுதம். அடுத்த லெவலை ரோக் கிளாஸில் போட்டால் ஸ்னீக் அட்டாக் (கூடுதல் சேதம் தரும் தாக்குதல்) வரும் என்று கூட ஆடுகிறவர்கள் உசுப்பேற்றுகிறார்கள். போடலாமா?

இப்போது வேண்டாம் தம்பி. ஒரு லெவல் பொறுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லாங்போ அம்பின் சேதத்துக்கு ஒரு டி8, அதாவது எட்டு முகப் பகடை. டெக்ஸ்டெரிட்டி 18 என்றால் அதோடு 4 சேரும். ஓர் அம்புக்குச் சராசரி 8.5. ரோக்கில் ஒரு லெவல் எடுத்தால் ஸ்னீக் அட்டாக்காக ஒரு டி6 கூடி 12 ஆகும். அதுவும் உங்களுக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) இருந்தால், அல்லது எதிரியின் 5 அடிக்குள் உங்கள் கூட்டாளி நின்றால்தான். ரேஞ்சரிலேயே 5-ஐத் தொட்டால் எக்ஸ்ட்ரா அட்டாக் வரும். ஒரே ஆக்‌ஷனில் இரண்டு அம்பு, இரண்டும் பட்டால் 17. ஒன்று தவறினாலும் இன்னொன்று கையில் இருக்கிறது. இரண்டாம் நிலை ஸ்பெல்களும் (மந்திரங்களும்) அதே லெவலில்தான் திறக்கின்றன.

‘ஒரு லெவல்தானே, அடுத்ததில் பிடித்துக்கொள்ளலாம்’ என்று தோன்றும். 5-ஆம் லெவலுக்கு 6,500 அனுபவப் புள்ளி, 6-க்கு 14,000. அந்த 7,500 புள்ளியைச் சேர்க்கும்வரை மற்றவர்கள் இரண்டு முறை வெட்ட, நீங்கள் ஓர் அம்போடு நிற்பீர்கள். மல்டிகிளாஸுக்கு நாம் கொடுக்கும் விலை இந்தத் தாமதம்தான். புரொஃபிஷியன்சி போனஸும் (தேர்ச்சி உள்ளவற்றில் பகடையோடு கூடும் எண்) கேன்ட்ரிப்களின் (எத்தனை முறையும் போடக்கூடிய சிறு மந்திரங்களின்) பலமும் மொத்த லெவலைப் பார்த்து ஏறுகின்றன, அவற்றுக்குச் சேதமில்லை. எக்ஸ்ட்ரா அட்டாக், புது ஸ்பெல்கள், 4, 8 ஆகிய லெவல்களில் ஏறும் எபிலிட்டி ஸ்கோர் எல்லாம் அந்தந்த கிளாஸின் லெவலைப் பார்த்தே வரும். டெக்ஸ்டெரிட்டி, விஸ்டம் இரண்டும் 13-க்குக் குறையாமல் இருந்தால், 6-ஆம் லெவலில் தாராளமாக ரோக் எடுங்கள். அருமையான ஜோடி அது.

கோத்தகிரி, பள்ளி ஆசிரியை: என் பாத்திரத்துக்கு விசார்ட்டில் 3 லெவல், கிளெரிக்கில் 3 லெவல். அட்டவணைப்படி எனக்கு மூன்றாம் நிலை ஸ்லாட் (ஒரு ஸ்பெல் போட ஒன்றைச் செலவழிக்க வேண்டும்) மூன்று இருக்கிறது. ஆனால் மூன்றாம் நிலை ஸ்பெல்லான ஃபயர்பால் கற்க டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) விடமாட்டேன் என்கிறார். இது நியாயமா?

டிஎம் சொல்வதுதான் விதி. ஸ்லாட்டுக்கு இரண்டு கிளாஸின் லெவலையும் கூட்டுகிறோம். எந்த ஸ்பெல் தெரியும் என்பதற்குக் கூட்டுவதில்லை. நீங்கள் மூன்றாம் லெவல் விசார்ட், அவ்வளவுதான். இரண்டாம் நிலை வரைக்குமே கற்கலாம். பெரிய ஸ்லாட்டில் சின்ன ஸ்பெல்லைப் போடுவது ஒன்றே வழி. ஷேட்டரை மூன்றாம் நிலை ஸ்லாட்டில் போட்டால் நான்கு டி8, சராசரி 18. ஃபயர்பால் எட்டு டி6, சராசரி 28, பரப்பும் பெரிது. இரண்டு முழு மந்திர கிளாஸ்களைச் சரிபாதியாகப் பிரிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அடுத்த இரண்டு லெவலையும் விசார்ட்டிலேயே போடுங்கள், ஆட்டம் மாறிவிடும்.

கூடலூர்: பார்பேரியன்-விசார்ட் செய்யலாமா?

வேண்டாம். ரேஜில் (பார்பேரியனின் வெறி நிலையில்) இருக்கும்போது ஸ்பெல் போட முடியாது, ஏற்கெனவே போட்டதன் மீது கான்சென்ட்ரேஷனும் (அதை நீடிக்க வைக்கும் கவனமும்) நிற்காது.

கொடைக்கானல், தங்கும் விடுதி ஊழியர்: ஏப்ரல், மே சீசனில் எனக்கு லீவே கிடையாது. மற்ற மாதங்களில்தான் ஆட்டம். பாலடினோடு வார்லாக் சேர்த்து 20 லெவல் வரை திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். சரியா?

20-ஐ விடுங்கள். அடுத்த சீசனுக்குள் எந்த லெவலைத் தொடுவீர்கள் என்று உங்கள் டிஎம்மிடம் கேளுங்கள். நீங்கள் உண்மையில் ஆடப்போவது அந்த லெவல்களைத்தான்.

இந்த ஜோடி மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. வார்லாக்கின் ஸ்லாட்டுகள் ஷார்ட் ரெஸ்ட்டிலேயே (சிறு ஓய்விலேயே) திரும்ப வந்துவிடும், அவற்றைப் பாலடினின் டிவைன் ஸ்மைட்டுக்கு (அடியோடு சேரும் கூடுதல் சேதத்துக்கு) செலவழிக்கலாம். இரண்டு கிளாஸுக்கும் கரிஸ்மாதான் உயிர். ஆனால் பாலடினில் 6 வரை போய்விட்டுப் பிரியுங்கள். 6-இல் வரும் ஆரா ஆஃப் புரொடெக்‌ஷன், 10 அடிக்குள் நிற்கும் கூட்டாளிகளின் சேவிங் த்ரோவிலும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடையிலும்) உங்கள் கரிஸ்மா மாடிஃபையரைக் கூட்டும். மேஜையில் இருக்கும் எல்லோருக்கும் உதவும் ஒன்றை, உங்கள் இரண்டு சின்ன ஸ்லாட்டுக்காகத் தள்ளிப்போடுவது சரியில்லை. அடுத்த சீசனுக்குள் 7-ஐத் தாண்டாது என்றால் பாலடினாகவே இருங்கள். இரண்டு மாதம் கழித்து வந்து உட்காரும்போது ஒரே கிளாஸை நினைவில் வைத்திருப்பதும் சுலபம்.

ஊட்டி, டிஎம்: ஐந்து பேரில் மூன்று பேர் மல்டிகிளாஸ் கேட்கிறார்கள். எல்லோரும் கணினியில் பால்டர்ஸ் கேட் 3 ஆடிவிட்டு வந்தவர்கள். அனுமதிக்கலாமா?

அனுமதியுங்கள். மல்டிகிளாஸ் ஒரு விருப்ப விதிதான், முடிவு உங்கள் கையில். ஆனால் அந்த ஆட்டத்துக்கும் மேஜைக்கும் உள்ள வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேஜையில் மல்டிகிளாஸ் எடுக்க உரிய எபிலிட்டி ஸ்கோர் 13 இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே கிடையாது. பிடிக்காவிட்டால் 100 பொற்காசு கொடுத்து, பாத்திரத்தை முதல் லெவலிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். மேஜையில் எடுத்த லெவல் எடுத்ததுதான்.

இன்னொன்று, எந்த கிளாஸில் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். சேவிங் த்ரோ புரொஃபிஷியன்சி முதல் கிளாஸிலிருந்து மட்டுமே வரும். ஃபைட்டரில் தொடங்கி விசார்ட் ஆனால் ஹெவி ஆர்மரும் கான்ஸ்டிடியூஷன் சேவும் உண்டு. விசார்ட்டில் தொடங்கி ஃபைட்டர் எடுத்தால் இரண்டும் கிடைக்காது. புதிதாக ஆடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

எடுத்த பிறகு யாராவது பின்தங்கினால், ஒரே ஒரு முறை அந்த லெவலை மாற்றிக்கொள்ள விடுங்கள். 5-ஆம் லெவலுக்கு முன்பே கிளாஸ் பிரித்தவருக்கு அது கட்டாயம் தேவைப்படும்.