கடன் முடிந்தது, கூட்டமும் முடிந்ததா?

கேள்வி: தையலில் உழைத்துக் குழுக் கடனைக் கட்டி முடித்துவிட்டேன். கிழமைக் கூட்டத்துக்கு இப்போது போவதில்லை. "காசு வந்ததும் ஆள் மாறிட்டா" என்கிறார்கள். நான் மாறிவிட்டேனா, அக்கா?
– வாசகி, பரந்தன்

பதில்: மாறித்தான் இருப்பீர்கள், தங்கச்சி. அதில் என்ன குற்றம்? குழுக் கடனில் ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் தலையில் விழும். 2009க்குப் பிறகு வன்னிக்குள் வந்த கடன் கம்பனிகள் எத்தனையோ பெண்களை இப்படித்தான் ஒன்றாக இருத்தின. பயத்தில் ஒரே பாயில் இருந்தவர்கள் எல்லோரும் சிநேகிதிகள் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவள் ஒருத்தி அதற்குள் இருப்பாள். அவள் வீட்டுக்குப் பின்னேரம் சும்மா போய்த் தேத்தண்ணி குடியுங்கள். கைமாற்றுக்கு மட்டும் படலை திறக்கிறவர்களிடம், "தைக்கிற துணி குவிஞ்சு கிடக்கு" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லைத்தானே!