வாடகை வீட்டை மேலாளரிடமிருந்து திரும்பப் பெறும்போது: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எங்களுக்கு மூன்று போர்ஷன் உள்ள வீடு இருக்கிறது. வெளியூரில் இருந்ததால், ஒரு மேலாளர் கமிஷனுக்கு வாடகை வசூலித்து அனுப்பிவந்தார். இப்போது ஊர் திரும்பிவிட்டோம். அவரிடமிருந்து என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: சாவியைக் கேட்பதற்கு முன் கணக்கைக் கேளுங்கள். கேட்டதும் சரியான கணக்கை ஒப்படைப்பது, உங்கள் மேலாளரைப் போல ஒருவர் சார்பில் வேலை பார்க்கும் முகவரின் கடமை என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 213ஆம் பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு போர்ஷனுக்கும் எந்த மாதம் வரை வாடகை வந்திருக்கிறது, பிளம்பருக்கும் வெள்ளையடிப்புக்கும் கொடுத்த பணத்துக்குப் பில் எங்கே, மூன்று அட்வான்சும் யார் கையில் இருக்கின்றன என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அவருக்குக் கமிஷன் பாக்கி இருந்தால் முதலில் தீர்த்துவிடுங்கள். பாக்கி நிற்கும்வரை உங்கள் பத்திரங்களைப் பிடித்துவைக்க அதே சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. பாக்கியைத் தீர்த்த பிறகும் கணக்குக் காட்ட மறுத்தால், சேவைக் குறைபாடு என்று இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

அவரை நீக்கும் நாளிலேயே குடியிருப்பவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நீக்கிய செய்தி தெரியாமல் அவர்கள் மேலாளரிடம் கட்டும் வாடகை உங்களிடம் கட்டியதாகவே கொள்ளப்படும் என்பதால், அந்தப் பணம் போனால் நட்டம் உங்களுக்குத்தான். பிறகு 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்துவிட்டு வீட்டைப் பார்க்கச் செல்லுங்கள். மீட்டர்ப் பெட்டியில் உள்ள வெள்ளை அட்டையின் கடைசி அளவு, குளியலறைச் சுவரின் ஓதம், மொட்டை மாடித் தொட்டியின் விரிசல் ஆகியவற்றைக் குடியிருப்பவர் முன்னிலையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பில் பதிவாகியிருக்கும் கைபேசி எண் பெரும்பாலும் மேலாளருடையதாகவே இருக்கும், அதையும் மாற்றுங்கள்.

கேள்வி: மேலாளரை நீக்கியதிலிருந்து ஒரு குடித்தனக்காரர் வாடகை தரவில்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்திவைக்கலாமா?

பதில்: கூடாது, குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதை 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் தடுக்கிறது.

கேள்வி: வள்ளியூரில் உள்ள வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் பதிந்து கொடுத்தேன். விற்கும் அதிகாரமும் அதில் இருப்பதாக இப்போதுதான் சொல்கிறார்கள். அவசரத்தில் படித்துப் பார்க்கவில்லை.

பதில்: வாடகை வசூலிக்க விற்பனை அதிகாரம் எதற்கு? வீட்டையே எழுதிக்கொடுக்கும் தாளைப் படிக்க நேரமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாளைக்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிந்து, அவருக்கும் தபாலில் தெரிவித்து, வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மேலப்பாளையத்தில் குடியிருக்கிறேன். 50,000 ரூபாய் அட்வான்சை மேலாளர் கையில் ரொக்கமாகக் கொடுத்தேன். அவரை நீக்கிவிட்ட வீட்டுக்காரர், அந்தப் பணம் தன்னிடம் வரவே இல்லை என்கிறார். கணவரை இழந்த நான் யாரிடம் கேட்பேன் ஐயா?

பதில்: அம்மா, வீட்டுக்காரரிடமே கேளுங்கள். அவர் அமர்த்திய முகவர் அவருக்காக வாங்கிய பணம் அவர் வாங்கிய பணமே. மேலாளரிடமிருந்து அதை வசூலிப்பது அவர் பாடு. ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் தொகை எழுதியிருந்தால் அதுவே நல்ல சான்று. இல்லையென்றால், பணம் எடுத்த நாளின் வங்கிப் பாஸ்புக் பக்கமும் மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் உதவும்.

ரொக்கத்துக்கு ரசீது கேட்டால் நம்பிக்கை இல்லையா என்று முகம் சுளிக்கும் வழக்கத்தைப் பல ஆண்டுகளாகக் கண்டித்து எழுதிவருகிறேன். டவுனில் ஒரு கடையில் விலையை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதித் தந்த நீர்மூழ்கி மோட்டாரை வாங்கினேன். மோட்டாரின் காயில் கம்பிச்சுருள் எரிந்துபோய், அதைக் கடைக்கு எடுத்துச் சென்றபோது, அது தங்கள் கடைப் பொருளே இல்லை என்று கைவிரித்தார்கள். வாடகை கொடுத்தவருக்கு ரசீது பெறும் உரிமையைச் சட்டமே தந்திருக்கிறது. அதைக் கேட்பவரை அவமதிப்பவர் யாராக இருந்தாலும், அவர் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

நீங்கள் வீட்டைக் காலி செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்த தேதி, தொகை, உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி, ஒப்புகையுடன் கூடிய தபாலில் இந்த வாரமே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். புதிய ஒப்பந்தம் போட அவர் அழைத்தால், 50,000 ரூபாய் அட்வான்ஸ் அதில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள்.