விதண்டாவாதம் இல்லை, குதர்க்கம்

யார் என்ன சொன்னாலும் செய்தாலும் அதற்கு வேறு அர்த்தம் எடுக்கிற பழக்கத்துக்கு ஒரு சொல் கேட்டிருக்கிறீர்கள். விதண்டாவாதம் என்று சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விதண்டாவாதம் பொருந்தாது. குதர்க்கம்தான் கிட்டத்தில் வரும். பேச்சில் எடக்குமடக்கு.

விதண்டாவாதம், குதர்க்கம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது நம் வழக்கம். தன் கட்சி என்று எதையும் நிறுவாமல், எதிராளி சொல்வதை மறுத்துக்கொண்டே போவதுதான் விதண்டை. அப்படிப் பேசுகிறவருக்கு நீங்கள் சொன்னது நன்றாகவே புரிந்திருக்கும், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார். நீங்கள் கேட்கிற ஆசாமி வேறு ரகம். நீங்கள் சொல்லாததைச் சொன்னதாக ஆக்கிவிட்டு அதோடு சண்டைக்கு நிற்பவர். கௌதமரின் நியாய சூத்திரம் என்கிற பழைய தர்க்க நூல், நாம் குதர்க்கம் என்கிற இதற்குச் சலம் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. அது எண்ணுகிற 16 பதார்த்தங்களில், அதாவது ஆராய்ச்சிப் பொருள்களில், விதண்டை ஒன்று, சலம் வேறொன்று. (குறள் 660இல் 'சலத்தால் பொருள்செய்து' என்று வருகிறதே, அங்கே சலம் என்றால் வஞ்சனை.)

சலத்தில் மூன்று வகை. முதலாவது வாக்சலம். 'இந்தப் பையன் நவகம்பளம் போர்த்தியிருக்கிறான்' என்கிறார் ஒருவர். புதுக் கம்பளி என்பது அவர் நினைப்பு. கேட்டவர், 'ஒன்பது எங்கே? ஒன்றுதானே இருக்கிறது!' என்கிறார். நவ என்பதற்குப் புதிது, ஒன்பது என்று இரண்டு பொருளும் உண்டே, அதில் வேண்டாததைப் பிடித்துக்கொள்கிறார். பார்த்திபனும் வடிவேலுவும் சேர்ந்தால் நடப்பது பெரும்பாலும் இதுதான். நமக்குச் சிரிப்பு வரும், வடிவேலு பாடுதான் பாவம்.

அடுத்தது சாமான்ய சலம். 'வாத்தியார் பையன், நல்லா படிப்பான்' என்று ஒரு பேச்சுக்குச் சொன்னால், 'எதிர்வீட்டுப் பையனும் வாத்தியார் மகன்தான், பத்தாவதே தேறலையே' என்று அதை அசைக்க முடியாத விதியாக்கி மடக்குவது.

மூன்றாவது உபசார சலம். பரண்மேல் இருப்பவர்களை நினைத்து 'பரண்கள் கூச்சலிடுகின்றன' என்றால், 'மரக்கட்டை எப்படிக் கத்தும்?' என்பது. ஊர் சிரிக்கும் என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரிப்பார்கள் என்று பள்ளியில் இடவாகுபெயர் படித்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தே கேட்பதுதான் இதில் எரிச்சல்.

'இன்னைக்கு சாம்பார் நல்லா இருக்கு' என்றால் 'அப்போ நேத்து வச்சது?' என்று வரும் கேள்வியை எந்த வகையில் சேர்ப்பது? நூலில் தேடாதீர்கள், பேசாமல் சாப்பிட்டுவிடுங்கள்.

செய்கைக்குத் தப்பர்த்தம் எடுப்பதைக் குதர்க்கம் என்றால் எனக்குச் சரியாக ஒட்டவில்லை. தர்க்கம் என்பதே பேச்சைச் சேர்ந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பந்தியில் உட்காராமல் கிளம்பியவரை, 'நம்ம வீட்டுச் சாப்பாடு அவருக்கு இறங்குமா?' என்று பேசுகிறவரைக் குதர்க்கபுத்திக்காரர் என்பேன்.

எல்லாரையும் அப்படிச் சொல்லிவிடவும் கூடாது. வாக்சலத்துக்கு அந்த நூல் தரும் இலக்கணமே, பேசியவரின் அபிப்பிராயத்தை விட்டு வேறு பொருளைக் கற்பிப்பது என்பதுதான். ஆகவே உங்கள் அபிப்பிராயம் இன்னதென்று ஒருமுறை விளக்கிச் சொல்லிப் பாருங்கள். 'ஓ, அப்படியா!' என்றால் அவர் தப்பாகப் புரிந்துகொண்டவர், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் 'இல்லை, நீ அப்படித்தான் சொன்னாய்' என்று நின்றால் அது குதர்க்கம்.