கொடைக்கானலுக்குப் போனால் பாட்டு வருமா?

கேள்வி: பாட்டு எழுத வேண்டும் என்பது பல வருட ஆசை. ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருக்கிறேன். இரவு வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தால் ஒன்றுமே தோன்றுவதில்லை. கொடைக்கானல் மாதிரி எங்காவது போய்த் தங்கினால் கற்பனை வருமா? நான் எழுதிய பல்லவி ஒன்று: 'நிலவே நிலவே என் கனவே, மலரே மலரே என் உயிரே.' சினிமாவில் யாரைப் போய்ப் பார்ப்பது என்றும் சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: கொடைக்கானலுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், நல்ல ஊர். பாட்டுக்காக என்றால் பஸ் காசு தண்டம்.

ஹோட்டலில் ரூம் போட்டு, மலையில் தங்கிப் பாட்டு எழுதினார்கள் என்று சினிமாக்காரர்களைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். சரி, அங்கே என்ன நடக்கும்? இயக்குநர் சூழலைச் சொல்வார்: பாடுவது யார், யாரைப் பார்த்து, எதற்கு அப்புறம். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை இழுத்து 'தன்னானே தானனா' என்று மெட்டைப் பாடிக் காட்டுவார். அந்தத் தத்தகாரத்துக்குள் சொல்லை உட்கார வைப்பதுதான் கவிஞரின் வேலை. உங்களிடம் சூழலும் இல்லை, மெட்டும் இல்லை. வெள்ளைத் தாளை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தால் கண்ணதாசனுக்கே வராது.

மெட்டுக்கு எங்கே போவேன் என்பீர்கள். பாரதி எங்கே போனார்? 'தொண்டு செய்யும் அடிமை' கேட்டிருப்பீர்கள். அதன் மெட்டு அவருடையது இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக வேண்டும் என்று கேட்கிற, தாழ்த்தப்பட்ட சாதிப் பண்ணையாள் நந்தனைப் பார்த்து அவனுடைய பண்ணை முதலாளியான வேதியர் 'உனக்கு மார்கழித் திருநாளா' என்று சீறுகிற பாட்டின் மெட்டு. பாரதி மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, வேதியர் நின்ற இடத்தில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தனை நிறுத்தினார். நந்தன் நின்ற இடத்தில் சுயராஜ்யம் கேட்கும் இந்தியன். 'உனக்குச் சுதந்திர நினைவோடா' என்கிறான் துரை. நந்தனார் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டு அதட்டலும் ஒரே குரலில் விழுந்திருக்கும். உள்ளூரில் நந்தனை அதட்டியவர்களுக்கும் அதில் ஒரு குத்து இருக்கிறது என்பது என் எண்ணம். அதே சரித்திரத்திலிருந்து வேறு மெட்டுகளையும் எடுத்தார். இதற்கெல்லாம் அவர் கூச்சப்படவில்லை. பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் 'பொது ஜனங்கள் விரும்பும் மெட்டு' வேண்டும் என்று தானே எழுதினார்.

நீங்களும் ஒரு கும்மியை எடுங்கள், தாலாட்டை எடுங்கள். சொல்லைக் கழற்றிவிட்டு மெட்டை மட்டும் வாயில் போட்டு அரைத்துக்கொண்டே இருங்கள். பழகுவதற்கு யாரும் காசு கேட்கப்போவதில்லை.

இனி உங்கள் பல்லவி. தமிழில் பெரும்பாலான பெயர்களைக் கூப்பிட்டால் கடைசியில் ஏகாரம் வந்துவிடும். நிலவே, மலரே, சிலையே, விலையே! வரிக்கடைசி ஓசை ஒத்துப்போகிற இயைபு இனாமாகக் கிடைக்கிறது, அதனால் யோசிக்கிற வேலை நின்றுபோகிறது. உங்கள் இரண்டு வரியில் கூப்பிடுவது மட்டும்தான் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்ல வந்தீர்கள்?

ஜவுளிக்கடையில் நின்றுகொண்டு ஒன்றுமே தோன்றுவதில்லை என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு குடும்பமே வருகிறது. பெண்ணுக்கு ஒரு கலர், மாமியாருக்கு ஒரு கலர். நீங்கள் இருபது புடவையை விரித்துப் போடுகிறீர்கள். பணம் கட்டப்போகிற அப்பா ஓரமாக நின்று, யாரும் பார்க்காதபோது விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறார். மகள் 'நல்லா இருக்காப்பா?' என்கிறாள். அவர் என்ன பாடுவார்? அதற்கு எட்டு வரி எழுதுங்கள். நிலா, மலர், உயிர் மூன்றும் கூடாது.

இன்னொன்றும் உங்கள் காலடியிலேயே இருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். உட்காருவதற்கே சட்டம் கேட்க வேண்டியிருந்த ஒரு வேலை! உங்கள் கடையில் ஸ்டூல் வந்துவிட்டதா? வந்தும் உட்கார முடிகிறதா? ராத்திரி பத்து மணிக்குச் செருப்பைக் கழற்றும்போது கால் சொல்வதைக் கும்மி மெட்டில் போட்டால் உங்கள் செக்‌ஷன் பெண்கள் மறுநாளே பாடுவார்கள்.

எழுதியதைக் கட்டாயம் வாய்விட்டுப் பாடுங்கள். மெட்டு நீள்கிற இடத்தில் குறில் வந்தால் காட்டிக்கொடுத்துவிடும். 'பட்டு' என்பதை இழுத்துப் பாருங்கள், 'பட்டூ' என்று ஊளையிடும். அங்கே 'சேலை', 'அப்பா' மாதிரி நெடிலில் முடிகிற சொல்லோ, நெடில் உள்ள சொல்லோ வேண்டும். இந்தத் தேடலில்தான் நீங்கள் நினைத்தே பார்க்காத வரி வந்து விழும். நீங்கள் கற்பனை என்று கேட்டீர்களே, பெரும்பாலும் அது இப்படித்தான் வருகிறது.

சினிமாவில் யாரைப் பார்ப்பது என்ற கேள்விக்கு, பத்துப் பாட்டு முடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.