உளவளத்துணை ஆசிரியர் இல்லாத பாடசாலையில், அழுகிற பிள்ளைக்கும் பேசாத பிள்ளைக்கும் வகுப்பு ரீச்சர் என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் முதல் நியமனத்தில் தரம் 2க்கு வந்திருக்கிறார். ஒரு பிள்ளை அடிக்கடி அழுகிறது, இன்னொன்று வாயே திறப்பதில்லை, உளவளத்துணைக்கென்று பாடசாலையில் யாரும் இல்லை என்கிறார். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பதினான்கு வருடமாக ஆரம்பப் பிரிவில்தான் படிப்பிக்கிறேன். எங்களிடமும் அப்படி ஒருவர் இருந்ததில்லை. வகுப்புக்குள் நின்று பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அழுகிற பிள்ளை. இந்த வயதில் "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று பிள்ளை வந்து சொல்லாது. "வகுறு நோகுது ரீச்சர்" என்றுதான் சொல்லும். என்னிடம் ஒரு பெடியன் இருந்தான். திங்கட்கிழமை வந்தால் இரண்டாம் பாடம் முடிவதற்குள் வகுறு நோகும். கள்ளம் பண்ணுகிறான் என்றே நினைத்தேன். ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால், "என்ன, இன்றைக்கும் திங்களா?" என்று கேட்டும்விட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு அம்மம்மாவைக் கூப்பிட்டுக் கதைத்தேன். தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். ஞாயிறு இரவுதான் வட்ஸ்அப்பில் எடுப்பார். "எப்ப வருவீங்க" என்று கேட்டுவிட்டுப் படுத்தால் பெடியனுக்கு நித்திரை இல்லை, விடிந்தால் சாப்பாடு இறங்காது. வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால் நோகாமல் என்ன செய்யும்? அவனுக்கு உண்மையிலேயே நொந்திருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் எடுக்கச் சொல்லுங்க என்று அம்மம்மாவிடம் சொன்னேன். திங்கட்கிழமை கரும்பலகை அழிக்கிற வேலையை அவனுக்கே கொடுத்தேன். அதோடு நோ போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை, குறைந்தது. தாய் வந்த பிறகுதான் முழுதாக நின்றது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். வயிற்று நோ என்றால் முதலில் பசியா, பூச்சியா என்று பாருங்கள். எல்லாவற்றையும் மனசில் போட்டுவிடவும் கூடாது.

இனிப் பேசாத பிள்ளை. வீட்டில் எப்படி என்று கேளுங்கள். வீட்டில் வாய் ஓயாது, பாடசாலை வாசல் தாண்டினால் மட்டும் பூட்டு என்றால் அது பிடிவாதம் இல்லை, பயம். தொண்டைக்குள் நின்றுவிடும், பிள்ளை நினைத்தாலும் வராது. "கதைச்சா டொபி தருவன்" என்பதும், எழுப்பி நிற்க வைத்து வாயைப் பார்ப்பதும் பூட்டை இன்னும் இறுக்கும். இடாப்புக் கூப்பிடும்போது கையைத் தூக்கினால் போதும் என்று விடுங்கள். அதற்குப் பிடித்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள், காதுக்குள் சொல்லட்டும். எல்லோரும் சேர்ந்து பாடும்போது உதடு அசைந்தால் அதைப் பார்த்தும் பாராத மாதிரி இருங்கள்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். மூன்றாம் தவணையில் ஒரு பிள்ளை முதல் தடவையாக "ஓம்" என்றாள். சந்தோசத்தில் நான் கைதட்ட, வகுப்பும் கைதட்ட, அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு கிழமை ஒரு சத்தமும் இல்லை.

வீட்டிலும் பேச்சுக் குறைவு என்றால் காதைச் சோதிக்க வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை ஆரம்பப் பிரிவில் வழமையாகத் தரம் 1க்கும் 4க்கும்தான். உங்கள் பிள்ளை தரம் 2 என்பதால் அதற்குக் காத்திராமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு இப்போதே அனுப்புங்கள். அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் போகலாம். வீட்டார் முதலில் நூல் கட்டப் போவார்கள், தண்ணி ஓதிக் கொடுப்பார்கள். நான் அதை மறிப்பதில்லை. கோயிலுக்கும் போங்க, கிளினிக்குக்கும் போங்க என்பேன். மறித்தால் கிளினிக்குக்கும் போக மாட்டார்கள், அதுதான் என் அனுபவம்.

இன்னொரு விசயம், விளையாட்டு. 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் இங்கே பிள்ளைகளும் செத்தார்கள். பிறகு பாடசாலை திறந்தபோது வாசலில் புத்தகப் பையைச் சோதித்துத்தான் உள்ளே விட்டோம். சில நாளில் தரம் 1 பிள்ளைகள் மரத்தடியில் பை சோதிக்கிற விளையாட்டுத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் சோதிப்பார், ஒருவர் கையைத் தூக்கி நிற்பார், "குண்டு இல்ல, போகலாம்!" பக்கத்து வகுப்பு ரீச்சர் நிறுத்தச் சொன்னார். நான் விட்டுவிட்டேன். பயத்தை அவர்கள் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. கொஞ்ச நாளில் அது தானாகவே கடை விளையாட்டாக மாறி, பைக்குள்ளிருந்து மாங்காய் விற்றார்கள். இப்படி மாறிக்கொண்டு போனால் நல்லது. ஒரே விளையாட்டைச் சிரிப்பே இல்லாமல், ஒவ்வொரு முறையும் கூடக் கலங்கிக்கொண்டு ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப விளையாடினால் அங்கேதான் உதவி தேட வேண்டும்.

எங்கள் ஊருக்கு இது புதிதும் இல்லை. 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், யுத்தத்துக்கு நடுவிலே, தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டினார்கள். அவ்வளவு பெரிதாக உங்களால் செய்ய முடியாது. சித்திரப் பாடத்தை மட்டும் கணிதத்துக்குப் பறிகொடுக்காமல் இருங்கள். படத்தைக் காட்டி "இது யார்? ஏன் அழுறாங்க?" என்று துருவ வேண்டாம், பிள்ளை சொன்னால் கேளுங்கள்.

பிரம்பைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிற கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை இருக்கிறது, வாசியுங்கள். அடிக்காத வகுப்பிலும் கத்துகிற ரீச்சரைக் கண்டு வயிறு நோகும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். புலமைப்பரிசில் பரீட்சையையும் தரம் 5 தாய்மாரையும் தொட்டால் இந்தப் பதில் முடியாது, விடுகிறேன்.

யாராவது அடித்ததை, தொட்டதை ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால் விசாரணை நடத்தாதீர்கள். "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். சொன்னது சரி மனே என்று சொல்லி, பிள்ளையின் சொல்லையே அப்படியே அன்றைக்கே எழுதி வைத்து அதிபருக்குத் தெரிவியுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். 1929க்கும் எடுக்கலாம், அது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். ஊர்ப் பிரச்சினை, நமக்கேன் என்று யாராவது சொல்வார்கள். எடுங்கள்.

உங்கள் வகுப்பில் அழுகிற பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு ஒன்று விளங்கவில்லை: எந்த நாள், எந்த நேரம்? ஒரு கொப்பியில் இரண்டு கிழமை குறித்து வையுங்கள். அழுதது எப்போது, முன்னால் என்ன நடந்தது, காலையில் கொண்டுவந்து விட்டது யார். குறித்ததை இதன் கீழே எழுதினால் நானும் பார்க்கிறேன்.