கடவுள் இல்லை என்று சொல்லும் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி, கோயில்களுக்கு ஏன் ஆதரவு தருகிறது?

தைவானின் தைச்சுங் நகரில் மூன்று வருடம் ஆய்வு மாணவனாக இருந்தேன். அங்கே பார்த்த ஒரே ஒரு அம்மனை வைத்துப் பதில் சொல்கிறேன். பெயர் மாட்சு. (மாசு என்றும் எழுதலாம், நமக்குப் பொருள் கெட்டுவிடும்.)

சீனாவின் ஃபூஜியன் கடலோரத்தில் மெய்சோ என்று ஒரு சின்னத் தீவு. 960-இல் அங்கே பிறந்த லின் வீட்டுப் பெண், கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றி, முப்பது வயதைத் தொடும் முன்பே கன்னியாகவே விண்ணேறினாள் என்பது மரபு. நம் ஊர்க் கன்னித் தெய்வக் கதைகளின் சாடை தெரிகிறதா? இதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் புதுசு. அரசவை அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டே வந்தது. தானியக் கப்பல்கள் பத்திரமாக வடக்கே போக வேண்டும் என்ற கவலையில் இருந்த, அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான், 'வானத்துத் துணைவி' என்று பட்டம் கொடுத்தார். 1683-இல், பிற்காலத்தில் சீனாவை ஆண்ட சிங் வம்சத்துக்காகத் தைவானைப் பிடித்த தளபதி ஷி லாங், வெற்றிக்குக் காரணம் மாட்சுவின் அருள்தான் என்று எழுதினார். சிங் காலத்தில் அவள் 'வானரசி' ஆனாள்.

அதாவது, அங்கே சாமிக்கு மேலே சிம்மாசனம். எந்தத் தெய்வம் முறையானது, அதற்கு என்ன தகுதி என்பதை அரசுதான் தீர்மானிக்கும். மெய்சோவுக்குப் பக்கத்துச் சீமையான சுவான்சோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சிவனை எழுந்தருளப் பண்ணிய நம் ஆட்களும் அதில் கானின் ஆணையைக் குறிப்பிட்டு, அவர் நலனுக்காக என்றே பொறித்திருக்கிறார்கள். ஊர் வழக்கம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

கட்சிக்குச் சாமி நம்பிக்கை இல்லை, சரி. ஆனால் அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பது கட்சிதான். திபெத்திய லாமாக்களின் மறுபிறப்புக்கு அரசு அனுமதி வேண்டும் என்று 2007-இல் விதி போட்டதும் அதே நாற்காலியிலிருந்துதான்.

மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சியில் மெய்சோ கோயிலை இடித்தார்கள். பிறகு ஊர்ப் பெண்கள் முன்னின்று திரும்பக் கட்டினார்கள். தைவான் பக்தர்களின் பணமும் வந்தது. சீன அரசு ஏற்றுக்கொண்ட மதங்கள் ஐந்து: பௌத்தம், தாவோயிசம், இஸ்லாம், கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட். மாட்சு வழிபாடு தனி மதமாக இந்தப் பட்டியலில் இல்லை. அதனால் 'மாட்சு பண்பாடு' என்று பெயர் வைத்தார்கள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். 2016-இல் வந்த ஐந்தாண்டுத் திட்டத்திலேயே மாட்சு பண்பாட்டின் பங்கு பற்றி ஒரு வரி உண்டு. இரும்பு, மின்சாரம், ரயில் பேசும் ஆவணத்தில் ஒரு அம்மன்.

தைவான் இல்லாவிட்டால் இத்தனை அக்கறை இருந்திருக்காது என்பது என் கணிப்பு. நம் பக்கம் தாய்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து புதுக் கோயில் கட்டுவோமே, அதே முறையில் அங்கே ஊதுபத்திச் சாம்பலை எடுத்துவருவார்கள். பிள்ளைக் கோயில் அவ்வப்போது தாய்க்கோயிலுக்குப் போய்வர வேண்டும். தைவான் மாட்சுக்களுக்கு அந்தத் தாய்க்கோயில் சீனாவில் இருக்கிறது. தைவான் தன் நாட்டின் ஒரு பகுதிதான் என்று சொல்லிவரும் பெய்ஜிங்குக்கு இதைவிட வசதியான உறவுமுறை வேறு கிடைக்குமா? 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று கட்சி அதிகாரி சொன்னால் தைவானில் சிரிப்பார்கள், அம்மன் பெயரில் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். தைவான் அரசு இந்தக் கோயில் போக்குவரத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதும் அதனால்தான்.

இதில் எல்லாமே பெய்ஜிங் வேலை என்றும் சொல்ல முடியாது. 1987-இல், சீனாவுக்குப் போவதற்குத் தைவானில் இன்னும் தடை இருந்தபோதே, தாஜியா ஊர்க் கோயில்காரர்கள் ஜப்பான் வழியாகச் சுற்றி மெய்சோவுக்குப் போனார்கள். காரணம் கோயில் அந்தஸ்துதான். அதுவரை ஆண்டுதோறும் தைவானிலேயே இருக்கும் பெய்காங் மாட்சு கோயிலுக்கு ஊர்வலம் போனவர்கள், மூலத்திடமே நேரே போய்வந்தபின் அடுத்த வருடமே பாதையை மாற்றிக்கொண்டார்கள். முதல் மரியாதைச் சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த தாஜியா ஊர்வலம் ஒன்பது நாள், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பல்லக்கு தலைக்கு மேலே கடந்துபோகட்டும் என்று ஜனங்கள் ரோட்டில் வரிசையாகக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். புறப்படும் இரவு பல்லக்குக்குக் கைகொடுக்க எல்லாக் கட்சித் தலைவர்களும் வந்து நிற்பார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் ஃபாக்ஸ்கானின் நிறுவனர் டெர்ரி கோ, 2019-இல் மாட்சு கனவில் சொன்னாள் என்று அதிபர் தேர்தலுக்குக் கிளம்பினார். குவோமின்டாங் என்ற தைவான் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்விலேயே தோற்றுப்போனார்.

நான் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டி மெய்சோவுக்கு இரண்டு முறை போய்வந்தவர். ஓட்டு மட்டும் எப்போதும் சீனாவை எதிர்க்கும் கட்சிக்கே. "இது முரணாக இல்லையா பாட்டி?" என்று அரைகுறைச் சீனத்தில் கேட்டேன். மெய்சோ போவதை அங்கே 'பிறந்த வீட்டுக்குப் போவது' என்பார்கள். "கல்யாணமானவள் பிறந்த வீட்டுக்குப் போனால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவர மாட்டாளா?" என்று கேட்டுவிட்டு, கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டார்.